சாமிமூஞ்சி அண்ணாச்சியின் காய்ந்த கண்

மணி, தேவி, ரெண்டு பேரும் கேளுங்கள். சிவகாசியில் அச்சாகிற அத்தனை தெய்வங்களும் ஒரே ஒரு மனிதருக்குத்தான் பயந்தன. தெருவில் உங்களை நிறுத்தி, "சட்டை கலரும் டவுசர் கலரும் சண்டை போடுதே, யாருலே எடுத்துக் குடுத்தது?" என்று வம்பு பண்ணுவாரே, அவர்தான். எங்கள் காலண்டர் கம்பெனியில் அவர் பெயர் சாமிமூஞ்சி அண்ணாச்சி.

மெஷினிலிருந்து முதல் தாள் வந்ததும் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாமியின் முகத்தைப் பார்ப்பார். அவர் தலையாட்டினால்தான் மெஷின் ஓடும். "லட்சுமி பட்டினி கெடந்தவ மாதிரி வெளிறிப் போயிருக்கா, சிவப்பை ஏத்து" என்பார். "முருகனுக்கு மஞ்சக்காமாலை, நிப்பாட்டுலே" என்பார். ஒருமுறை முதலாளியே வந்து, "ஆர்டர் அவசரம் அண்ணாச்சி, அப்படியே ஓடட்டும்" என்றார்.

"ஓடட்டும். மஞ்சக்காமாலையோட போற சாமி, போற வீட்டுல யாருக்கு வைத்தியம் பாக்கும்?"

முதலாளி மஞ்சளைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் முகங்களையும் அண்ணாச்சி விடுவதில்லை. "ஏலே, ஒம் மூஞ்சில நீலம் கூடியிருக்கு, போய் ஒரு டீயக் குடி" என்று என்னை விரட்டுவார். அவர் வீட்டில் மட்டும் காலண்டர் கிடையாது. குறை கண்ணில் பட்டால் சோறு இறங்காதாம்.

அப்படிப்பட்டவருக்குக் கண்ணில் பிரஷர் வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பின்னால் இருக்கிற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் நோய் அது. வலிக்காது. பார்வையை ஓரத்திலிருந்து எடுத்துக்கொண்டே வரும். தினமும் சாயங்காலம் விடச் சொல்லி விருதுநகர் கண் டாக்டரம்மா சொட்டு மருந்து கொடுத்தார்.

சில மாதம் போனதும் அண்ணாச்சிக்குக் கண் சிவந்தது. மணல் விழுந்ததுபோல உறுத்தியது. எந்நேரமும் நீர் வடிந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டுக் கண் காய்ந்திருக்கிறது என்று சொல்லி, கண் காயாமலிருக்க இன்னொரு சொட்டும் எழுதித் தந்தார். அதை அவர் வாங்கவே இல்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எங்களிடம் சொன்னார்.

"ஆனைக்குட்டம் டேமைத் தொறந்துவிட்ட கணக்கா ஒழுகுது. காஞ்சு போச்சாம்லே. ஒழுகுற கண்ணுக்கு இன்னும் தண்ணி விடணுமாம். படிச்சவுக சொல்லுறாக, நாம என்னத்தச் சொல்ல?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் மெஷினில் மையோடு தண்ணீரும் ஓடும். தண்ணீர் கூடினால் கலர் வெளுக்கும், உடனே தண்ணீரைக் குறைப்போம். அண்ணாச்சி தன் கண்ணுக்கும் அதே கணக்கைப் போட்டார். பிரஷர் மருந்தை முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கினார். பிறகு அடியோடு நிறுத்திவிட்டார். எரிச்சல் தணிந்தது. "பாத்தியாலே, செட் ஆயிருச்சு" என்றார். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது.

காலண்டர் சீசன் வந்தது. முருகன் நடுவில், வள்ளி ஒரு பக்கம், தெய்வானை ஒரு பக்கம் நிற்கிற பெரிய படம். அண்ணாச்சி முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்து, "முருகன் ராசாவா இருக்கான், ஓட்டுங்க" என்றார். ஓட்டினோம். காலண்டருக்குத் தகரப்பட்டை அடிக்கிற மாரியம்மாள்தான் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, முருகனுக்கு ஆறு மொகம்னு தெரியும். அதுக்காக வள்ளிக்கு நாலு கண்ணா?"

இடது ஓரத்தில் கலர் விலகி, வள்ளியின் கண்கள் இரட்டையாக விழுந்திருந்தன. அண்ணாச்சி தாளைப் பார்த்தார்.

"எங்கனம்மா?"

யாரும் சிரிக்கவில்லை. மாரியம்மாள் அவர் விரலைப் பிடித்து வள்ளியின் முகத்தில் வைத்தாள். அவர் தலையைத் திருப்பி அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டார்.

நான்தான் அவரை விருதுநகருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். டாக்டரம்மா திட்டவில்லை.

"கண்ணுமேல நல்ல கண்ணீர் ஒட்டி நிக்கணுங்கய்யா. இந்த மருந்தால சில பேருக்கு அது கெட்டுப்போகும். கண் காஞ்சு எரியும். அந்த எரிச்சல்லதான் வெறும் தண்ணியா கொட்டும். எங்கிட்ட வந்திருந்தா வேற மருந்து மாத்தித் தந்திருப்பேன். நீங்களா நிறுத்திட்டீங்களே."

"போனது வருமாம்மா?"

"வராதுங்கய்யா. மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

அண்ணாச்சி துண்டை மடியில் வைத்து மடித்தார், விரித்தார். "சாமி மூஞ்சி தெரியுமா?"

"நடுவுல பார்வை நல்லா இருக்கு. மருந்தை நிறுத்தாம விட்டா தெரியும்."

கண்ணை அவ்வளவாக எரிக்காத வேறு மருந்து கொடுத்தார். கண் காயாமலிருக்கும் சொட்டையும் கூடவே வாங்கினோம். ஒன்றை விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொன்றை விட வேண்டும். ஊர் வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது அண்ணாச்சி, "நாளையில இருந்து வரலலே. வேற ஆளைப் பாக்கச் சொல்லு" என்றார்.

விஷயம் தெரிந்ததும் மாரியம்மாள் அவர் வீட்டுக்கே போய்விட்டாள். "நீங்க எப்பவும்போல மூஞ்சியப் பாருங்க அண்ணாச்சி. ஓரத்த நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க இல்லைன்னா எந்தச் சாமி எங்க பேச்சக் கேக்கும்?"

மறுநாள் வந்தார். சட்டைப்பையில் இரண்டு மருந்தும் இருந்தன. வந்ததும் என்னைப் பார்த்து, "என்னலே, மூஞ்சி இம்புட்டுக் கறுத்திருக்கு?" என்றார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் நான் மட்டும் திரும்பி வந்தேன். வாசலுக்குத் தாளை எடுத்துக்கொண்டு அவர் நடக்கிற வழியில், அவர் கண்ணுக்குத் தட்டுப்படாத இடது பக்கம் அடுக்கியிருந்த பேப்பர் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வலது பக்கம் வைத்தேன்.