கட்டிலுக்குக் கீழே கப்பல்

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் வந்து சங்கு ஊதியிருக்கின்றன. அவை அத்தனையையும் தோற்கடித்தவர் எங்கள் மனநலப் பிரிவின் டொக்டர் அம்மாதான். ஆஸ்பத்திரியில் அவருக்குச் 'சங்கு டொக்டர்' என்று பெயர். சொந்தப் பெயர் கதவில் எழுதியிருந்தது. ஆனால் ஒருவரும் அதை முழுதாக வாசித்ததில்லை. வாசிக்க நின்றால் உள்ளேயிருந்து, "ஏன் வெளியில நிக்கிறியள்? வாங்கோ, வாங்கோ!" என்று ஒரு சத்தம் வரும். வந்தவர்களில் பாதிப்பேர் பயந்து திரும்பிவிடுவார்கள். மீதிப் பேருக்கு அந்தச் சத்தத்திலேயே கொஞ்சம் சுகம் வந்துவிடும்.

நான் அங்கே சிற்றூழியன். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் டொக்டர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"கேக்கேல்ல!"

இன்னொரு தரம் சொன்னேன்.

"இன்னும் கேக்கேல்ல, அண்ணை!"

கத்திச் சொன்னேன். மருந்துக்கு வரிசையில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஆ! நல்ல பெயர். இவ்வளவு காலமும் ஏன் ஒளிச்சு வச்சிருந்தனீங்கள்?" என்றார். பிறகு கன்டீன்காரர்கூட என்னைக் கத்தித்தான் கூப்பிட்டார்.

அவருக்கு உலகத்தில் எல்லாமே புதினம். "அண்ணை, ஓடி வாங்கோ, மழை!" என்பார். ஓடிப்போனால் சாதாரண மழைதான் பெய்துகொண்டிருக்கும். ஆனால் அவர் காட்டிய பிறகு நமக்கும் அதிசயமாகத் தெரியும்.

நீதிமன்றத்திலிருந்து அனுப்பும் பிள்ளைகள் வந்தால் அவரைப் பிடிக்க ஏலாது. வழக்கென்றால் என்னவென்று அந்தப் பிள்ளைக்கு விளங்குகிறதா, தன் பக்கத்துக் கதையைச் சொல்லத் தெரியுமா என்று பார்த்து நீதவானுக்கு அறிக்கை எழுத வேண்டும். மற்ற டொக்டர்மார் கதிரையில் இருந்து கேட்பார்கள். இவர் கதிரையில் இருந்து நான் கண்டதில்லை. தோப்பூரிலிருந்து வந்த ஒரு பிள்ளை பயத்தில் மேசைக்கு அடியில் பூந்துவிட்டது. டொக்டரும் பூந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிப் பணிப்பாளர் வந்து, "டொக்டர் எங்க?" என்றார். நான் மேசையைக் காட்டினேன்.

"சேர், பிறகு வாங்கோ. நாங்கள் முக்கியமான கதையில இருக்கிறம்" என்றது மேசை.

இப்படியான டொக்டரிடம்தான் ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு தாய் தன் மகனைக் கூட்டிவந்தார். பிள்ளைகளின் பெயரை எழுதக் கூடாது. சின்னவன் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து வயது. கரையில் நின்ற வள்ளத்தின் இஞ்சினைக் களவெடுத்ததாக வழக்கு. பொலிசில் கேட்ட உடனே 'ஓம்' என்று சொல்லிவிட்டான். அந்த ஓமை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டால், பாஷை தெரியாத தூர ஊரொன்றில், பிள்ளைகளைத் தடுத்துவைக்கும் பாடசாலையில் வருடக்கணக்கில் இருக்க வேண்டிவரும்.

"சின்னனில வலிப்பு வந்தது டொக்டர். அதுக்குப் பிறகு எல்லாம் மெதுவாத்தான் விளங்கும்" என்றார் தாய். "விளங்கேல்லையெண்டா ஓம் எண்டுவான். விளங்கினாலும் ஓம் எண்டுவான்."

டொக்டரின் கண் விரிந்தது. "தம்பி, இஞ்சினை நீ தனிய எடுத்தனியா?"

"ஓம் டொக்டர்."

"வேற ஆக்களும் வந்தவையா?"

"ஓம் டொக்டர்."

"எங்கட டவுன் தெருவில திரியிற மானுகளுக்குப் புள்ளி வச்சதும் நீதானா?"

"ஓம் டொக்டர்."

டொக்டர் துள்ளிக்கொண்டு யன்னலடிக்குப் போனார். "நேற்று துறைமுகத்துக்கு வந்த கப்பல். அதையும் நீதான் களவெடுத்தனியா?"

"ஓம் டொக்டர்."

"எங்க வச்சிருக்கிறாய்?"

சின்னவன் நெடுநேரம் யோசித்தான். பெரிய ஆளைக் காக்கவைப்பது மரியாதையில்லை என்று பட்டிருக்க வேண்டும்.

"வீட்டில. கட்டிலுக்குக் கீழ."

டொக்டர் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்ட்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்த தாதி ஊசியோடு ஓடிவந்தார்.

வழக்குத் தவணைக்கு நான் கோவைகளைத் தூக்கிக்கொண்டு கூடப்போனேன். அந்த நீதவான் சிரித்ததை ஒருவரும் கண்டதில்லை. "டொக்டர், சத்தத்தைக் குறைத்துப் பேசுங்கள்" என்றார்.

"இதுதான் ஐயா என்ர குறைஞ்ச சத்தம்."

பொலிஸ் தரப்பில் வந்தவர், பையனே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான் என்று ஒரே பிடியாக நின்றார். "அவன் கப்பலையும் ஒப்புக்கொண்டவன்!" என்றார் டொக்டர். "ஐயா, நீங்களே கேட்டுப் பாருங்கோ."

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, இந்த நீதிமன்றத்தின் நீதவான் நீரா?"

"ஓம் ஐயா."

"அப்படியென்றால் நான் யார்?"

"ஓம் ஐயா."

நீதவான் பேனையை மேசையில் வைத்துவிட்டார். இந்த நிலையில் விசாரிக்க ஏலாது என்று ஒத்திவைத்தார். பிள்ளைக்கு விளங்கப்படுத்தக் கொஞ்சக் காலம் கிடைத்தது.

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் 'இல்லை' பழக்கும் வேலை தொடங்கியது. தாய் கிழமைக்கொருதரம் கூட்டிவருவார். "தம்பி, நீ முருங்கைக்காயா?" என்று தாதி கேட்பார். "ஓம் மிஸ்" என்பான். எப்படிச் சொல்வதென்று காட்ட டொக்டர் என்னைப் பிடிப்பார்.

"அண்ணை, நீங்கள் முருங்கைக்காயா?"

"இல்லை டொக்டர்."

"கேக்கேல்ல!"

"இல்லை டொக்டர்!"

மருந்து வரிசையில் நின்ற கிழவர் ஒருவர், "அந்த மனிசனுக்கு எவ்வளவு காலமா இந்த வருத்தம்?" என்று விசாரித்தாராம்.

ஒன்றும் சரிவரவில்லை. "இல்லை எண்டா ஆக்கள் கோவிப்பினம் எண்டு பயப்பிடுறான்" என்றார் டொக்டர். அடுத்த கிழமை அவன் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது பக்கத்தில் போய் நின்றார்.

"தம்பி, நான் சாப்பிடட்டா?"

"ஓம் டொக்டர்."

முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். பிறகு அவனுக்குக் கன்டீனில் சோறு எடுத்துக் கொடுத்தார். அடுத்த கிழமையும் அப்படியே, அதற்கடுத்த கிழமையும் அப்படியே. தாய் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, "அண்ணை, பாவம், அவவுக்கு வீட்டில ஒருத்தரும் சமைச்சுக் குடுக்கிறேல்லையோ?" என்று கேட்டார்.

ஒருநாள் கணவாய்க் கறி வந்தது. சின்னவனுக்கு அதென்றால் உயிர். மணம் நடைபாதை வரைக்கும் வந்தது. டொக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து குனிந்தார். "நான் சாப்பிடட்டா?"

சின்னவன் கறியைப் பார்த்தான். டொக்டரைப் பார்த்தான். பார்சலைத் தன் பக்கம் இழுத்தான். கண்ணால் நீர் வந்தது.

"ஏலாது."

அன்று கேட்ட சங்கைப் போல வேறொன்றை நான் கேட்டதில்லை. காவலாளிகள் தீ என்று நினைத்துத் தண்ணீர் வாளியோடு வந்தார்கள். டொக்டர் அவர்களில் ஒருவரைக் கட்டிப்பிடித்துச் சுற்றினார். வாளியில் இருந்த தண்ணீர் முழுக்க என் மேலே. "கோவமில்லை, பாத்தியா? எனக்குக் கோவமே இல்லை!" என்று சின்னவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினான்.

அதன் பிறகு மற்றவை மெல்ல மெல்ல ஏறின. நீதவான் யார், சட்டத்தரணி யாருக்காகப் பேசுகிறார், விளங்காவிட்டால் 'விளங்கேல்ல' என்று சொல்லலாம் என்பதெல்லாம் அவனுக்குப் பழகியது.

திரும்பவும் நீதிமன்றம். "தம்பி, இஞ்சினை நீர் களவெடுத்தீரா?"

தாய் என் கைச்சட்டையைப் பிடித்துக்கொண்டார். சின்னவன் விரலை மடக்கி மடக்கி யோசித்தான். டொக்டர் கைலேஞ்சியை வாயில் அமுக்கிக்கொண்டு நின்றார்.

"இல்லை ஐயா. ரெண்டு பேர் லான்ட்மாஸ்டர் ட்ரக்டரில ஏத்தச் சொன்னவை. தூக்கிக் குடுத்தனான். அவையின்ர எண்டுதான் நினைச்சனான்."

"அந்த இரண்டு பேரையும் தெரியுமா?"

"ஒராளைத் தெரியும். மற்றாளைத் தெரியாது ஐயா."

ஒரே மறுமொழியில் ஓமும் இல்லையும்! நீதவான் அதை எழுதவைத்தார். அந்த இரண்டு பேரையும் தேடச் சொன்னார். சின்னவன் நன்னடத்தை உத்தியோகத்தரின் பார்வையில் தாயோடு வீட்டுக்குப் போகலாம் என்றார்.

பஸ் ஏற்றிவிட டொக்டரும் வந்தார். யன்னலைப் பிடித்துக்கொண்டு அடுக்கினார்: "ஆர் என்ன தூக்கச் சொன்னாலும் முதல்ல ஆற்ற சாமான் எண்டு கேள், மருந்துக் குளிசையை விடாத, அம்மாவுக்கு உதவி செய், அடுத்த மாசம் கட்டாயம் வா, வரேக்க..." சாரதி ஹோர்ன் அடித்தார். டொக்டர் அதற்கு மேலால் கத்தினார். சின்னவன் யன்னலால் கையை நீட்டி அவர் தோளில் வைத்தான்.

"காணும் டொக்டர். பஸ் வெளிக்கிடவேணும்."

டொக்டர் வாயை மூடினார். பஸ் போனது. அவர் உயர்த்திய கையை இறக்காமல் வெயிலில் அப்படியே நின்றார். டியூட்டிக்கு நேரமாகிவிட்டிருந்தது. நான் குடையை விரித்து அவருக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன்.