நன்றாக எழுதவும், மற்றது உங்களுக்கே புரியும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் நடுவிலேயே சிரித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

என் கல்லூரி வேலையை இந்த மாதம் நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள் அல்லவா, அதில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளப் பார்த்தேன். மாணவர்களுக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். பலகையில் எழுதியது இவ்வளவுதான்: "உங்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றி நன்றாக எழுதவும். மற்றது உங்களுக்கே புரியும்." வந்து சேர்ந்ததைக் கேள். ஒருத்தி பேருந்து நிலையத்தைப் பற்றி நாற்பது பக்கம், கால அட்டவணையோடு. ஒருவன் தன் கட்டிலைப் பற்றி எட்டு வரிக் கவிதை. கடைசி வரிசைத் தூங்குமூஞ்சி தன் வீட்டுக்கு வழி வரைந்து, கீழே "நேரில் வந்து பாருங்க சார்" என்று எழுதியிருந்தான். வயிற்றெரிச்சல் என்னவென்றால், எல்லாமே நன்றாகத்தான் இருந்தன! டீ குடிக்கும் முன் திருத்தியதற்குக் குறைவாகவும் குடித்த பின் திருத்தியதற்குத் தாராளமாகவும் மார்க் போட்டு முடித்தேன். பேருந்து நிலையக்காரி நேரே என் அறைக்கு வந்துவிட்டாள்.

"கட்டிலுக்கு எட்டு, எனக்கு ஆறா? நன்றாக எழுதறதுன்னா என்ன சார்?"

கட்டுரைக் கட்டைப் புரட்டிக் காரணம் தேட ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்தா துறைத்தலைவர் அம்மா உள்ளே வர வேண்டும்!

"அதையேதான் நானும் கேக்கறேன். போட்ட மார்க்குக்குக் காரணம் சொல்லத் தெரியாதவரை எப்படிங்க நிரந்தரமாக்கறது? கேள்வியை ஒழுங்கா எழுதி மறுபடியும் கொடுங்க."

வீட்டுக்கு வந்து எழுதி எழுதிக் கிழித்தேன். என் வீட்டுக்காரியிடம் காட்டினால், "யாருக்காக எழுதணும்? எவ்வளவு எழுதணும்? எதுக்கு மார்க்? ஒண்ணுமே இல்லையே" என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தாள். கடைசியில் இப்படி வந்தது: அந்த இடத்துக்கு முதல்முறை வரும் ஒருவருக்காக, மூன்று பக்கத்துக்குள், கண்ணால் கண்ட விவரத்துக்குப் பாதி மார்க், அவர் குழம்பாதபடி சொல்வதற்கு மீதி. படித்துவிட்டு அவள், "கல்யாணமானதிலிருந்து நீங்க சொன்னது முழுசா புரிஞ்சது இதுதாங்க" என்றாள்.

பேருந்து நிலையம் மூன்று பக்கத்தில் அடங்கி முதல் மார்க் வாங்கியது. தூங்குமூஞ்சி கூட வாக்கியமாக எழுதிவிட்டான். மார்க் கேட்டுச் சண்டைக்கு ஒருவரும் வரவில்லை. தலைவர் அம்மா எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, "இதைப் படிச்சா எனக்கே எழுதணும்போல இருக்கே. வேலை உங்களுக்குத்தான்" என்றார். அக்கா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மண்டைக்குள் இருப்பது அடுத்தவருக்குத் தானாகத் தெரியாது என்று இந்த வயதில்தான் உறைத்தது. இனி அற்ப விஷயத்தைக்கூட விளக்கமாகத்தான் சொல்வேன், சத்தியம்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
நிரந்தரமாகப் போகும் உன் தம்பி

பி.கு.: முக்கியமானதை மறந்துவிட்டேன். அந்தக் காகிதத்தைக் காட்டினால்தான் வேலை உத்தரவு தருவார்களாம், இல்லையென்றால் கிடையாதாம். அது உன் வீட்டில்தான் இருக்கிறது, வழக்கமான இடத்தில். நல்ல ஆளாகப் பார்த்துச் சீக்கிரம் கொடுத்தனுப்பு. மற்றது உனக்கே புரியும்.