திரைக்குள் நீண்ட கை

விருத்தாசலம் பஸ் ஜெயங்கொண்டத்தை விட்டு நாலு கிலோமீட்டர் தாண்டியதும் கண்டக்டர் விசிலை ஊதினார்.

"மஞ்சக்கண்ணு எல்லாம் எறங்கு! சீக்கிரம், சீக்கிரம்!"

பாதி பஸ் காலியானது.

அந்த நிறுத்தத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் வேறு. ஆறு மாதமாக அதை யாரும் உச்சரிப்பதில்லை. முந்திரித் தோப்புக்குள் குருமூர்த்தி சாமி கொட்டகை போட்ட நாளிலிருந்து அது 'மஞ்ச ஸ்டாப்'. இளநீர்க் கடை வந்துவிட்டது. செருப்பு பாதுகாக்கும் இடம் வந்துவிட்டது. 'சாமியால் பிழைத்தேன்' என்று செல்போனில் வீடியோ போடுகிறவர்கள் நிற்க ஒரு காகித ரோஜா வளைவுகூட வந்துவிட்டது. வராதது கழிப்பறை மட்டும்தான். கூட்டம் முந்திரி மரங்களின் பின்னால் ஒதுங்கியது. மரங்களுக்கு நடுவே இருந்த கிணற்றில்தான் சாமி தீர்த்தம் எடுத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குருமூர்த்தி காமாலையை இறக்குவார். மருந்து கிடையாது. மந்திரம்கூடப் பாதிதான். கையைக் கழுவுவார், கழுவிய தண்ணீர் மஞ்சளாக ஓடும். உடம்பில் இருந்த காமாலை கண்ணெதிரே தொட்டியில்! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

காணிக்கை ஒரு படி முந்திரிப் பருப்பு. முழுப் பருப்பாக இருக்க வேண்டும். உடைந்த பருப்புக்கு உடைந்த பலன்தான் என்று சாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முந்திரியின் தரம் பார்த்துவிட்டுத்தான் காமாலை உடம்பைவிட்டு இறங்கும் என்பது மருத்துவ உலகம் அதுவரை அறியாத சேதி.

இன்னொரு விதியும் உண்டு. சாமி நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார். பார்த்தால் மஞ்சள் அவர் கண்ணுக்குத் தாவிவிடுமாம். அதனால் கொட்டகைக்குக் குறுக்கே காவித் திரை. திரையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. வெளியே நிற்கும் சீடர் மாயவன், பழுப்பு நிறத் தைலத்தை வேப்பங்கொத்தால் தொட்டுக் கையில் பூசுவார். கையை ஓட்டைக்குள் நீட்ட வேண்டும். உள்ளே சாமி, தொடாமல், செம்பிலிருந்து தீர்த்தம் ஊற்றுவார். மஞ்சள் தண்ணீர் ஒரு தகரத் தகடு வழியே வெளியே இருக்கும் வெள்ளைப் பீங்கான் தொட்டியில் வந்து விழும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசையில் மூன்று பெண்கள் நின்றார்கள். ஏழு மாத வயிற்றோடு, எலுமிச்சம்பழ நிறக் கண்ணோடு அபிநயா. முந்திரிப் படியைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு அவள் மாமியார் ராசாத்தி. இருவருக்கும் நடுவில் அபிநயாவின் அக்கா வளர்மதி. ஜெயங்கொண்டத்து ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நிற்கிறவள். 'இது சாயம் போகுமா?' என்ற கேள்வியை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டுக் கேட்டு, எதையும் ஒரு தடவை தேய்த்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டவள்.

"அத்தை, ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு அப்பறம் இங்க வரலாமே?" என்றாள் வளர்மதி.

"ஊசி குத்துனா மஞ்சள் ரத்தத்துல ஒறைஞ்சி போயிடுமாம். சாமி சொல்லியிருக்காரு. நீ சேலை விக்கிறவ. ஒனக்கு இதெல்லாம் வெளங்காது."

"சாமி முந்திரி வாங்குறவரு. அவருக்கு மட்டும் வெளங்குதாக்கும்?"

"ஏ புள்ள, வாய மூடு! நம்ம தெருவுலயே ஆறு பேரு இங்க வந்து பொழைச்சிருக்காங்க."

அபிநயாவின் கணவன் ரஞ்சித்குமார் சிமெண்டு லாரியோடு கேரளாவில் இருந்தான். போன் போட்டுக் கேட்டதற்கு, "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். பிறந்ததிலிருந்து அவன் சொல்லிவரும் ஒரே வாக்கியம்.

முறை வந்தது. அபிநயாவுக்குத் தலை சுற்றியது. வளர்மதி தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மாயவனின் வேப்பங்கொத்து அவசரத்தில் இரண்டு கைகளிலும் சேர்த்து இழுத்துவிட்டுப் போனது. இரண்டு கைகளும் ஓட்டைக்குள் போயின. சில்லென்று தண்ணீர்.

"நாள்பட்ட மஞ்சள்!" திரைக்குள்ளிருந்து கர்ஜனை. "செவ்வாக்கெழமை மூணு மணிக்கு ரெண்டாவது கழுவு. ஒம்போது கழுவு முடியிற வரைக்கும் ஆஸ்பத்திரி வாடையே ஆவாது!"

வளர்மதி கையை வெளியே எடுத்தாள். அவளுடைய ஐந்து விரலும் மஞ்சள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்தாள். வெள்ளைவெளேர் என்றிருந்தது.

எனக்கு எப்போது வந்தது காமாலை?

*

செவ்வாய் காலை. கடையில் போணி ஆவதற்குள் பிரவீணா வந்துவிட்டாள். கிராமச் செவிலியர், வளர்மதியோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சு. வளர்மதி கையை நீட்டினாள். எத்தனை சோப்புப் போட்டும் விரலிடுக்கில் மஞ்சள் மிச்சம் இருந்தது.

பிரவீணா முகர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"அந்தத் தைலம் மாம்பட்டைச் சாறுடி. அதுல, தீர்த்தம்னு அவரு ஊத்துற சுண்ணாம்புத் தண்ணி பட்டா மஞ்சளாத்தான் போவும். சொவத்துல தடவி ஊத்துனா சொவத்துக்கும் காமாலைதான்."

"அப்ப எங்க தெருவுல பொழைச்ச ஆறு பேரு?"

"உங்க தெருவுல மொத்தம் பதினோரு பேருக்கு வந்துச்சு. குடிதண்ணி பைப்பு ஒடைஞ்சி சாக்கடை கலந்துச்சுல்ல, அப்ப. ஆறு பேரு சாமிகிட்ட கை கழுவுனாங்க, அஞ்சு பேரு கழுவல. பதினோரு பேருக்கும் ஒரு மாசம், ஒன்னரை மாசத்துல கண்ணு வெளுத்துருச்சி."

"எப்புடிடி?"

பிரவீணா சேலைக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு மேசைமேல் சாய்ந்தாள்.

"வைரஸ் கல்லீரலுக்குள்ள பூந்து ஒரு மாசம்போல சத்தம் போடாம பெருகும். அப்ப கண்ணு மஞ்சளாவாது. நம்ம ரத்தத்துல இருக்குற வெள்ளையணுப் படை மோப்பம் புடிச்சி வந்து, வைரஸ் ஒளிஞ்சிருக்குற செல்லையெல்லாம் ஒடைக்கும் பாரு, அப்பத்தான் கல்லீரல் தடுமாறும், பித்தம் ரத்தத்துல தேங்கும், கண்ணு மஞ்சளாவும். மஞ்சள் தெரியறப்பவே பாதி சண்டை முடிஞ்சிருக்கும். மிச்சத்த அந்தப் படை செய்யிற எதிர்ப்புப் புரதம் பாத்துக்கும். ஒரு தடவ பாத்த வைரஸ அது லேசுல மறக்காது. மறுபடி வந்தா வாசல்லயே அடிக்கும்."

"ஆக, சண்டைய முடிச்சிக் குடுக்குறது நம்ம ரத்தம். மாலைய வாங்கிக்கிறது குருமூர்த்தி."

"முந்திரியும் அவருக்குத்தான்." பிரவீணாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. "ஆனா வளரு, மாசமா இருக்குறவங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. சில பேருக்குக் கல்லீரல் திடுதிப்புன்னு கைவிட்டுரும். ஏன்னு டாக்டருங்களுக்கே இன்னும் முழுசா புடிபடல. அபி எப்புடி இருக்கா?"

"வாந்தி. எப்பப் பாத்தாலும் தூக்கம். காலைல போன் பண்ணா, என்ன கெழமைன்னு என்னையே ரெண்டு தடவ கேட்டா."

பிரவீணா நிமிர்ந்தாள். "இன்னைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குன்னு சொல்லாத. நான் இப்பவே போறேன்."

போனாள். ஒரு மணி நேரத்தில் போன் செய்தாள். ராசாத்தி கதவைச் சாத்திவிட்டாளாம். ஊசிக்காரி நிழல் பட்டாலே மஞ்சள் உறைந்துவிடுமாம். மூன்று மணிக் கழுவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்களாம்.

"அவங்களுக்கு வாயால சொன்னா ஏறாதுடி. கையாலதான் காட்டணும். நீ ஆம்புலன்சோட மஞ்ச ஸ்டாப்புக்கு வந்துரு" என்றாள் வளர்மதி.

அவள் பார்வை கடை வாசலில் நின்றது. அங்கே பட்டுச்சேலை கட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, யாரையோ வரவேற்பதுபோல் ஒரு கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தது பொம்மை.

"மொதலாளி, இந்தப் பொம்மையோட கை மட்டும் சாயங்காலம் வரைக்கும் வேணும்."

"கை எதுக்கும்மா?"

"ஒடம்பு சரியில்ல. வைத்தியத்துக்கு."

*

மூன்று மணிக்குக் கொட்டகை நிரம்பி வழிந்தது. ராசாத்தியின் தோளில் அபிநயா துவண்டு கிடந்தாள். வளர்மதி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து அவர்களுக்கு முன்னால் நின்றாள்.

"நீ எதுக்குடி வந்த?" என்றாள் ராசாத்தி.

"எனக்கும் மஞ்சள் அத்தை. அன்னிக்கே கழுவறப்ப தெரிஞ்சிது. நான் மொதல்ல கழுவிக்கிறேன்."

ராசாத்தியின் முகத்தில் வெற்றி. "பாத்தியா? கடைசில இங்கதான் வந்து நின்ன!"

வளர்மதி முந்தானையால் போர்த்தியிருந்த கையை நீட்டினாள். கண்ணாடி வளையல் போட்ட, வழவழப்பான கை. மாயவன் கைகளைப் பார்ப்பதை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது. அவர் பார்ப்பது முந்திரியை. படியைத் துழாவி உடைசல் இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டே வேப்பங்கொத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார்.

கை திரைக்குள் போனது.

தண்ணீர் விழுந்தது. பீங்கான் தொட்டியில் பளீரென்று மஞ்சள். கூட்டம் 'ஆஆ' என்றது.

"அம்மாடியோவ்!" உள்ளேயிருந்து குரல். "இது மூணு வருசத்து மஞ்சள்! நாடி எகிறுது! ரத்தம் கொதிக்கிது!"

"தொடாமயே நாடி தெரியுதுங்களா சாமி?"

"எனக்கு எல்லாம் தெரியும். வூட்டுல சண்டை. ராத்திரில தூக்கம் இல்ல. சரிதானே?"

"ராத்திரில தூங்குறதே இல்லீங்க சாமி. விடிய விடிய நின்னுக்கிட்டேதான் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவலாமா?"

"போனா உசிரு தங்காது!"

"இப்ப உசிரு இருக்குதுங்களா?"

"நான் புடிச்சி வச்சிருக்கேன்! அதனாலதான் இருக்கு!"

"அப்படின்னா நல்லா புடிச்சிக்கிங்க சாமி" என்று சொல்லிவிட்டு வளர்மதி கையை விட்டுவிட்டாள்.

'தொப்'.

பிறகு ஓர் அலறல். ரயில் கூவியதா என்று கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"கை! ஐயோ, கை! அறுந்து மடியில விழுந்துருச்சே!"

காவித் திரை கிழிந்தது. முக்காலத்தையும் உணர்ந்த குருமூர்த்தி சாமி, வேட்டி ஒரு பக்கமும் துண்டு ஒரு பக்கமுமாகக் கூட்டத்தின் நடுவே வந்து விழுந்தார். ஆறு மாதத்தில் அவர் முதன்முதலாகத் தன் நோயாளிகளின் முகத்தைப் பார்த்தார். நோயாளிகளும் அவரைப் பார்த்தார்கள். மாயவன் மட்டும் முந்திரி மூட்டையைப் பார்த்தார், பிறகு வரப்பைப் பார்த்தார்.

வளர்மதி உள்ளே போய்ப் பொம்மைக் கையை எடுத்து வந்து உயர்த்திக் காட்டினாள். மணிக்கட்டில் கடையின் அட்டை ஆடியது: 'தொடாதீர்கள்'.

"மூணு வருசத்து மஞ்சளாம். ரத்தம் கொதிக்கிதாம்."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு கொட்டகையே சிரித்தது. சாமி சுதாரித்துக்கொண்டு எழுந்தார்.

"பொம்மைக்குள்ள ஒரு துஷ்ட சக்தி..."

"இருக்கட்டும். உங்களுக்குள்ள என்ன இருக்குன்னு பாப்போம்."

வளர்மதி மாயவன் போட்டுவிட்டு ஓடிய தைலத்தை எடுத்துச் சாமியின் வலது கையில் பூசினாள். ரோஜா வளைவில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்து, ஆளுக்கொரு பக்கமாக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சாமியின் செம்பு, சாமியின் தீர்த்தம். ஊற்றினாள்.

மஞ்சள்.

"சாமிக்கே காமாலைடோய்!"

"ஒம்போது கழுவு போடுங்க!"

"முந்திரி முழுசா இருக்கணும், சொல்லிட்டேன்!"

நடுவில் ஒரு பெரியவர் பரிதாபமாகக் கேட்டார்: "ஆனா எனக்குக் கொணமாச்சேம்மா? ஒரு மாசத்துல கண்ணு வெளுத்துருச்சே?"

ஆம்புலன்ஸிலிருந்து இறங்கி வந்த பிரவீணா பதில் சொன்னாள். "வராதவங்களுக்கும் அதே ஒரு மாசந்தான் பெரியவரே. உங்க ரத்தம் உங்களக் காப்பாத்துச்சு. அதுக்கு ஒரு நன்றிகூட சொல்லாம இவருக்குப் படியளந்துருக்கீங்க."

ராசாத்தி மட்டும் சிரிக்கவில்லை. அபிநயாவைக் கொட்டகைத் தூணில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு முன்னால் வந்தாள். தைலத்தைத் தொட்டுத் தன் உள்ளங்கையில் தடவினாள். தண்ணீரை ஊற்றினாள். மஞ்சளாகிப்போன கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னால் அபிநயா, "அக்கா, இன்னிக்கு என்ன கெழமை?" என்று முனகினாள்.

ராசாத்தி திரும்பினாள். "ஏ ஊசிக்காரி! வாய் பாத்துக்கிட்டு நிக்கிறியே, என் மருமவளப் புடி! வண்டியில ஏத்து!"

*

அரியலூர் அரசு ஆஸ்பத்திரியில் அபிநயா பதினாறு நாள் இருந்தாள். முதல் நான்கு நாள் யாரும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் அவளாகவே, "இன்னிக்கு சனிக்கெழமைதானே?" என்றாள். ராசாத்தி வராந்தாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அபிநயாவின் வயிற்றில் இருந்தது ஓர் உதை விட்டது. பாட்டியாகப் போகிறவளுக்கு விட்ட உதை என்று வளர்மதி சொன்னாள்.

ஐந்தாவது வாரம் மறுபரிசோதனைக்குப் போனார்கள். வெளிநோயாளி வரிசையில் முன்னால் ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்து நின்றார். ராசாத்தி துண்டை விலக்கிப் பார்த்தாள்.

குருமூர்த்தி. இரண்டு கண்ணும் அசல் மஞ்சள். கழிப்பறை இல்லாத தோப்பின் கிணற்றுத் தண்ணீரைத் தினமும் குடித்த ஒரே பக்தர் அவர்தானே!

"கைய நீட்டுங்க சாமி. கழுவிவுடுறேன்" என்றாள் ராசாத்தி.

அவர் அவளைப் பார்க்காமல் துணைக்கு வந்திருந்த பிரவீணாவிடம் கிசுகிசுத்தார். "ஊசி போட்டா சீக்கிரம் கொணமாவுமாம்மா?"

"டாக்டர் பாக்கட்டும். ரெஸ்ட் எடுங்க. கொதிக்கவச்ச தண்ணி குடிங்க. மீதிய உங்க ரத்தத்துல இருக்குற படை பாத்துக்கும். அது காணிக்கை கேக்காது."

பொம்மைக் கை மறுபடி கடை வாசலுக்கு வந்துவிட்டது. எவ்வளவு துடைத்தும் அந்த மஞ்சள் போகவில்லை. வளர்மதி அதன்மேல் ஒரு பட்டு முந்தானையை இழுத்து விட்டிருக்கிறாள். அந்தக் கை காவித் திரையின் ஓட்டைக்குள் நீண்டதில் தப்பே இல்லை. கழற்றி எடுத்துப் போன கை அது, கூடவே தலை போகவில்லை. அதே ஓட்டைக்குள் ஆறு மாதமாக வரிசையில் நின்று நீண்ட மற்ற கைகளுக்கெல்லாம் தலை இருந்தது.