பேதி அரக்கன் பெண் பார்க்கப் போனது

வாயைத் திறக்காதவனுக்கு வம்பு வராது என்பார்கள். உண்மைதான். நான் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் வாயை முழுசாகத் திறந்தேன். அதைப் படம் பிடித்து, அச்சடித்து, பொம்மனஹள்ளி முழுக்க ஒட்டிவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். குடியிருந்தது பொம்மனஹள்ளியில் ஒரு வரிசை வீட்டில். படிப்பு எட்டாவது. பேச்சு அதைவிடக் குறைவு.

அந்தக் கோடையில் எங்கள் தெருக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. லாரித் தண்ணீர். லாரி எங்கே பிடித்துக்கொண்டு வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் லாரி வராது. ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்த மேரி அக்கா எங்கள் தெருக்காரர். உப்பு சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்வார். பெண்கள் தலையாட்டுவார்கள். அவர் தெரு முனையைத் தாண்டியதும் குழந்தைக்குச் சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். (ஊற்றினால்தானே போகும் என்று ஒரு கணக்கு.)

அக்காவுக்கு உதவியாக பிரகாஷ் சார் என்பவரை அனுப்பினார்கள். முன்பு சோப்பு விளம்பரத்தில் இருந்தவர்.

"சோப்பு விக்கற மாதிரிதாங்க இதையும் விக்கணும். அட்வைஸ் பண்ணா எவனும் கேக்க மாட்டான். மொதல்ல பயம் காட்டணும், அப்பறம் வழி காட்டணும்" என்றார்.

வாயைப் பிளந்துகொண்டு ஒரு பேதி அரக்கன்; கீழே கரைசல் செய்யும் முறை. இதுதான் போஸ்டர். முதலில் ஓவியரை வைத்து வரைந்து பார்த்தார்கள். பெண்கள் பார்த்துவிட்டு, அரக்கன் லட்சணமாக இருக்கிறான் என்றார்கள். நிஜ மூஞ்சி வேண்டும் என்றார் பிரகாஷ் சார். மேரி அக்கா யோசிக்கவே இல்லை. குடத்தோடு வரிசையில் நின்ற என்னைக் காட்டினார்.

"நீ ஒண்ணும் பேச வேணாம் தம்பி. முழிச்சு, வாயைத் தொறந்தா போதும்."

சரி என்றேன். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சரி என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஸ்டூடியோவில் முகத்துக்குக் கறுப்பு பூசி, மீசையை முறுக்கி, அட்டையில் கொம்பு வைத்தார்கள். "இன்னும் கொஞ்சம் பெருசா தொறங்க" என்று போட்டோக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரமும் மேரி அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, போஸ்டரில் போட வேண்டிய வாசகத்தைத் திருத்தித் திருத்தி உரக்கப் படித்தார். ஒரு மத்தியானம் முழுக்க அதையே கேட்டேன். வாய் திறந்திருந்ததால் எல்லாம் உள்ளே போய்விட்டது.

போஸ்டர் ஒட்டினார்கள். பசை காய்வதற்குள் காணோம். மறுபடி ஒட்டினார்கள். மறுபடி காணோம். மேரி அக்காவின் வீட்டுக்கே ஆட்கள் வந்து கேட்டு வாங்கிப்போனார்கள்.

"சோப்புக்குக்கூட இந்த ரெஸ்பான்ஸ் வரலைக்கா" என்று பிரகாஷ் சார் கண்கலங்கினார்.

ஒருநாள் ஓசூர் ரோட்டில் நாங்கள் மூவரும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். வழியில் பாதி கட்டிய ஒரு கட்டடம். முன்தூணில் என் முகம். அதற்கு மேலே எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய். அடுத்த கட்டடத்திலும் நான். அதற்கடுத்ததிலும் நான். கண் திருஷ்டிக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே இருந்த எழுத்தை மட்டும் எல்லா இடத்திலும் சுத்தமாகக் கத்தரித்திருந்தார்கள். விசாரித்தபோது காரணம் சொன்னார்கள். போகிறவன் கண், திருஷ்டி பொம்மையின் முகத்தில் விழ வேண்டும். நின்று படித்துக்கொண்டிருந்தால், படித்து முடித்ததும் கண் கட்டடத்தின்மேல் போய்விடும்.

சில்க் போர்டு ஸ்டாப் வரைக்கும் பிரகாஷ் சார் பேசவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் அவரைப் பிடித்தது.

இது இப்படி இருக்க, எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே பார்த்த இடங்களில் எல்லாம் "பையன் ஊமையா?" என்று கேட்டுவிட்டு பதில் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். (நானும் சொல்லவில்லை.) கடைசியாக மாமா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், மாணிக்கம் மேஸ்திரி மகள் செல்வியைக் கண்டுபிடித்தார். போட்டோ வந்தது. அந்தப் பெண் சிரிக்காமல் நேராகப் பார்த்தாள். எனக்குப் பிடித்துவிட்டது. இதுவும் தட்டிப்போனால் இனிமேல் தேட மாட்டேன் என்றாள் அக்கா. அவள் சொன்னால் சொன்னதுதான்.

முன்னெச்சரிக்கையாக மீசையை எடுத்துவிட்டுப் போனேன்.

மேஸ்திரி வீடு பொம்மனஹள்ளியிலேயே உள்ளே தள்ளி. கீழே குடியிருந்துகொண்டே மேலே மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். முன்தூணில் என் முகம். எலுமிச்சம்பழம் அன்றைக்குத்தான் மாற்றியது.

மாமா மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மச்சான், தலைய குனிஞ்சிக்கினே வா."

மாமாவும் அக்காவும் உள்ளே போய்விட்டார்கள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் ஒரு கை குறுக்கே வந்தது. மேஸ்திரியின் அக்கா, செல்விக்கு அத்தை. தூணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மீசைய எடுத்தா முழி மாறிடுமா?" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "டேய் மாணிக்கம்! நம்ம திருஷ்டி பொம்மை பொண்ணு பாக்க வந்திருக்குடா!"

மேஸ்திரி ஓடி வந்தார். அவருக்கு ஒரே சந்தோஷம். "அட சாமி! இவரா! நம்ம சைட்டு எல்லாத்துலயும் இவர்தான் நிக்கறாரு! வாங்க, வாங்க!"

"எங்கடா வாங்க? திருஷ்டி பொம்மை வாசலோட நிக்கணும். உள்ள வந்தா, இத்தன நாளு வாங்கின கண்ணெல்லாம் வூட்டுக்குள்ள கொட்டிடும். ஏற்கெனவே கொழந்தைக்குக் காலையிலேர்ந்து நிக்காம போவுது."

குழந்தை, செல்வியின் அண்ணன் மகன். இன்னும் நடக்க ஆரம்பிக்கவில்லை.

மாமா வாதாடினார். "அம்மா, அது படம். இவன் ஆளு."

"ஆளப் பாத்துத்தானே படம் எடுத்தாங்க?"

மாமா உள்ளே திரும்பினார். போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் வாசலில் நின்றேன். தலைக்கு மேலே நானும் தொங்கினேன். எதிர்வீட்டுக் கன்னட அம்மா கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்து, "அய்யோ, பொம்பே நட்கொண்டு பந்திதே!" என்று கூவினார். பொம்மை நடந்து வந்திருக்கிறதாம். தெருவே கூடிவிட்டது. கூட்டத்தில் ஒருவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, படத்தில் இருப்பது கொஞ்சம் பரவாயில்லை என்றார். உள்ளே இருந்து பஜ்ஜி வாசனை வந்தது. பஜ்ஜி வரவில்லை.

குழந்தையின் அழுகை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. போகப்போக அது மெலிந்தது. பஜ்ஜியை மறந்துவிட்டேன்.

"தண்ணி குடுக்காதடி. குடுத்தா இன்னும் போவும்" என்று அத்தை வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்து அதட்டினார்.

செல்வி வாசலுக்கு வந்தாள். கையில் காபித் தட்டு இல்லை. இடுப்பில் குழந்தை. அதன் உதடு காய்ந்திருந்தது.

"இந்தப் போஸ்டருக்குக் கீழ என்னவோ பேதிக்கு எழுதியிருந்துச்சு. படிக்கறதுக்குள்ள அப்பா கத்தரிச்சிட்டாரு. என்னங்க அது?"

எங்கள் முதல் பேச்சு இதுதான்.

வாயைத் திறந்தேன். மேரி அக்கா படித்தது அப்படியே வந்தது.

"ஒரு லிட்டர் தண்ணீர், காய்ச்சி ஆறவைத்தது. சர்க்கரை ஆறு டீஸ்பூன், தலைதட்டி. உப்பு அரை டீஸ்பூன். கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் கொடுக்கவும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் உள்ளே போனாலோ, மூத்திரம் போகாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. இந்தச் சுவரொட்டியைக் கிழிக்காதீர்கள்."

கடைசி வரியும் அதே மூச்சில் வந்துவிட்டது. மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். மாமா கையில் பாதி பஜ்ஜியோடு வாசலுக்கு வந்து நின்றார். நான் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

"அரக்கனே வைத்தியம் சொல்றானே" என்றார் அத்தை. ஆனால் தடுக்கவில்லை.

காபிக்குக் காய்ச்சிய தண்ணீர் ஆறிக் கிடந்தது. செல்வி கரைத்துக்கொண்டு வந்து, நிலைப்படியிலேயே உட்கார்ந்து ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினாள். உள்ளே அவள், வெளியே நான், நடுவில் அத்தை. பெண் பார்க்கும் சடங்கு இப்படியாக நடந்தது. ஒரு டம்ளர் உள்ளே போனதும் செல்வி எழுந்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

குழந்தை என் முகத்தைப் பார்த்தது. அழவில்லை. ரொம்ப நேரம் யோசித்தது. பிறகு என் புதுச் சட்டை, புதுப் பேன்ட் இரண்டும் நனைய மூத்திரம் போனது.

"போயிட்டான்!" என்று கத்தினேன். என் வாயிலிருந்து அன்று வந்த இரண்டாவது பேச்சு.

தெரு கைதட்டியது. மேஸ்திரி துண்டால் கண்ணைத் துடைத்தார். அக்கா மட்டும் சட்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் எடுத்துக் கொடுத்த சட்டை.

அத்தை கையை எடுத்தார்.

"கொழந்த மூத்திரம் பட்டா திருஷ்டியெல்லாம் கழிஞ்சிடும். உள்ள வாப்பா."

(இப்படி ஒரு சாஸ்திரம் எங்கும் கிடையாது. அப்போதுதான் இயற்றினார்.)

சாயந்திரம் தகவல் தெரிந்து வந்த மேரி அக்கா குழந்தையை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போய்க் காட்டினார். பிழைத்துக்கொண்டான். பேதி அடங்குகிற வரைக்கும் செல்வி எனக்குச் சம்மதம் சொல்லவில்லை. அடங்கியதும் சொல்லி அனுப்பினாள். வாசலில் தொங்கிய முகம்தான், பழகிவிட்டது என்றாளாம்.

பிரகாஷ் சார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, என்னை மறுபடி ஸ்டூடியோவுக்கு இழுத்துப்போனார். இந்தத் தடவை கரைசல் செய்யும் முறையை என் நெற்றியிலும் கன்னத்திலும் அச்சடித்தார்கள். எழுத்தைக் கத்தரிக்க வேண்டுமென்றால் என்னையே கத்தரிக்க வேண்டும். யாரும் கத்தரிக்கவில்லை. பிற்பாடு வைட்ஃபீல்ட் பக்கம் வேலைக்குப் போனபோது, எழும்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் என்னைப் பார்த்தேன். வெயிலில் வெளுத்திருந்தேன். அரை டீஸ்பூன் உப்பு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

இன்றைக்கும் சொந்தத்தில் எந்தக் குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றாலும் எங்கள் வீட்டுக்கு போன் வரும். "அரக்கன் இருக்காரா?" என்பார்கள். செல்வி என்னைக் கூப்பிடவே மாட்டாள். அவளே ஒப்பிப்பாள், கிழிக்காதீர்கள் வரைக்கும். அத்தை வீட்டுக்குப் போனால், அவர் கூப்பிடுகிற வரைக்கும் நான் நிலைப்படி தாண்டக் கூடாது. அவர் வேண்டுமென்றே மெதுவாக வருவார். என்மேல் மூத்திரம் போனவன்தான் இப்போது ஓடி வந்து, "பாட்டி, பொம்மை வந்திருக்கு" என்று குரல் கொடுக்கிறான்.

போன வருஷம் நாங்களும் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டினோம். கான்கிரீட் போடுகிற அன்று, திருஷ்டிக்கு ஒரு படம் வாங்கிவரட்டுமா என்று செல்வியிடம் கேட்டேன்.

"படம் எதுக்குங்க? மேல வேல முடியற வரைக்கும் நீங்களே கொஞ்சம் வாசல்ல நில்லுங்க."

நின்றேன். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள்.