மேடத்தின் கேள்விகள்

ஆய்வகத்து அறையில் ஒரு மெத்தை நாற்காலியும் ஒரு முக்காலியும்தான் இருந்தன. குட்டி டாக்டர் யோசிக்காமல் முக்காலியில் உட்கார்ந்தான்.

வயதும் குறைவு, உயரமும் குறைவு, முனைவர் பட்டமும் புத்தம் புதுசு. அதனால் ஆய்வகத்தில் எல்லோரும் அவனுக்கு வைத்த பெயர் அது. எச்.ஐ.வி. வைரஸ் மருந்துக்குத் தப்பி உடம்புக்குள் எங்கே ஒளிந்துகொள்கிறது என்பது அவன் ஆராய்ச்சி. கையில் இருந்த நிதி இந்த வருஷத்தோடு சரி. அடுத்ததற்கு, இளம் விஞ்ஞானிகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளையில் விண்ணப்பித்திருந்தான். அங்கேயே வழிகாட்டித் திட்டம் ஒன்றும் நடந்தது. அதிலும் சேர்ந்துவைத்தான். "உங்களுக்கு ஏத்த ஆள் கிடைச்சாச்சு, செவ்வாய்க்கிழமை வருவாங்க" என்று ஃபோன் வந்தது.

கதவு திறந்தது. நரைத்த தலை, கழுத்தில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. எச்.ஐ.வி. நோயாளிகளுக்கே தன் வாழ்நாளைக் கொடுத்த பெரிய டாக்டர். அவன் சட்டென்று எழுந்து நின்றான்.

"வணக்கம். நீங்கதான் எனக்கு..."

"நானேதான் மேடம்! உட்காருங்க."

மேடம் மெத்தை நாற்காலியைப் பார்த்துத் தயங்கினார். "இதுலயா?"

"அது உங்க இடம் மேடம்."

எவ்வளவு பெரிய மனுஷி, எவ்வளவு பணிவு என்று அவன் உருகிப்போனான். பிறகு தன் ஆராய்ச்சி முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, "இதுல தப்பு எங்கன்னு நீங்கதான் மேடம் சொல்லணும்" என்றான்.

மேடம் திடுக்கிட்டார். "நானா?"

"உங்களை விட்டா வேற யாரு மேடம்?"

மேடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இந்த செல்லெல்லாம் யாரோடது?"

"கடையில வாங்குற மாதிரி வாங்கினது மேடம். எத்தனையோ வருஷமா ஆய்வகத்துலயே வளருது."

"அப்ப இதுக்கு மாத்திரை போட மறந்துபோற நாளே வராது. இல்லையா?"

குட்டி டாக்டர் அந்தக் கேள்வியை அப்படியே நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டான்.

வீட்டுக்கு வந்தவனின் முகத்தைப் பார்த்து மனைவி கேட்டாள். "என்ன, மேடம் திட்டிட்டாங்களா?"

"திட்டல. அதான் பயமா இருக்கு. ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. மொத்த ஆராய்ச்சியும் ஆட்டம் கண்டுபோச்சு."

மறுநாளே திட்டத்தை மாற்றினான். செல்களுக்குத் தினமும் ஊற்றும் மருந்தைச் சில நாள் நிறுத்தி, சில நாள் கொடுத்து, மறுபடி நிறுத்தினான். அதற்காகக் குடுவைகளைத் திறந்து திறந்து மூடினான். மூடிய குடுவைக்குள் பூஞ்சை தலைகாட்டியது. வெள்ளை வெளேரென்று, பஞ்சு மாதிரி.

பதறிப்போய், பிழைத்த குடுவைகளைப் பக்கத்து ஆய்வகத்தில் செல் வளர்க்கும் வெப்பப் பெட்டிக்குக் குடிமாற்றினான். பூஞ்சையும் கூடவே குடிபோனது. பக்கத்து ஆய்வகத்தின் தலைவர் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, எங்க செல்லுக்கெல்லாம் தாடி முளைச்சிருக்கு. நீ வச்ச விருந்தாளிதானே?"

"சுத்தம் பண்ணிக் குடுத்துடறேன் சார்."

சுத்தம் பண்ணுகிறேன் என்று கிருமிநாசினிக் கரைசலைக் கொஞ்சம் தாராளமாக அடித்தான். பெட்டியின் வெப்பமானி செத்துப்போனது.

அடுத்த மாதம் ஒரு செவ்வாயன்று மேடம் வந்தபோது, அவன் பூஞ்சைக் குடுவையை அவர் முன்னால் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான்.

"பாருங்க மேடம். என்ன நடந்திருக்கும்னு நினைக்கிறீங்க?"

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குடுவையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடிக்கடி திறந்ததுதான் காரணமோ?"

"அதேதான் மேடம்," என்றான். "பார்த்ததும் கண்டுபிடிச்சிட்டீங்க."

மேடத்தின் முகம் பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி மலர்ந்தது. தன் கஷ்டத்தில் இவருக்கு என்ன சந்தோஷம் என்று அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது. ஆனால் மேடம் கிளம்பவில்லை. மெல்லப் பேச ஆரம்பித்தார்.

"எங்கிட்ட ஒரு பொண்ணு வரும். மாமியார் வீட்டுல விஷயம் தெரியாது. மாத்திரையைத் தையல் பெட்டிக்குள்ள ஊசி நூலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கும். வீட்டுல யாராவது துணி தைக்க உட்கார்ந்துட்டா, அன்னைக்கு மாத்திரை கிடையாது. நீங்க வைரஸ் எங்க ஒளியுதுன்னு தேடுறீங்க. நான் அவங்களுக்கு மாத்திரையை ஒளிக்க இடம் தேடுறேன்."

குட்டி டாக்டர் நிமிர்ந்தான். "மேடம், அந்த மாதிரி ஆளுங்க சம்மதிச்சு ரத்தம் குடுத்தாங்கன்னா, மாத்திரை விட்டுப்போற நாள்ல வைரஸ் எங்கேயிருந்து கண்ணு முழிக்குதுன்னு நேராவே பார்த்துடலாமே!"

"நான் கேட்டுப் பார்க்கிறேன். மனசு வச்சா குடுப்பாங்க. ஆனா எதுக்குன்னு அவங்களுக்குப் புரியணும். எனக்குச் சொல்ற மாதிரி மெதுவா, திரும்பத் திரும்பச் சொல்லுவீங்களா?"

"சொல்றேன் மேடம்."

சொன்னான். மேடத்தின் மருத்துவமனையில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் சொன்னான். தையல் பெட்டிப் பெண் கடைசிவரை கேட்டுவிட்டு, "எனக்கு அப்புறம் வர்றவங்க ஒளிச்சு வைக்க வேண்டாம்னா, எடுத்துக்கங்க தம்பி" என்று கையை நீட்டினாள்.

நிதிக்கான நேர்காணலில் எதிரே வரிசையாகப் பேராசிரியர்கள். முதலில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். பிறகு அவர்களை மறந்துவிட்டு, அந்தச் சின்ன அறையில் பேசுவது போலப் பேசினான். நிதி கிடைத்துவிட்டது.

கையெழுத்துப் போட அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனவன், பக்கத்து ஆய்வகத்துக்குப் புது வெப்பமானி வாங்க அனுமதியும் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் கைகூப்பிச் சொன்னான்.

"எல்லாம் நீங்க எனக்குக் குடுத்த வழிகாட்டியாலதாங்க. அந்த மேடம் மட்டும் இல்லேன்னா நான் ஒண்ணுமே இல்லை. தயவுசெய்து அடுத்த வருஷமும் அவங்களையே எனக்குப் போடுங்க."

அந்தப் பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன சார் சொல்றீங்க, அவங்க ஆராய்ச்சிக்கே இப்பதான் புதுசா வந்திருக்காங்க, அவங்களுக்கு வழிகாட்டத்தானே உங்களைப் போட்டோம்? காலையிலதான் வந்து, 'எனக்குப் பாடம் புரியணுங்கிறதுக்காகத் தன் சொந்த செல்லையே பூஞ்சை பிடிக்க விட்ட மகராசன், அடுத்த வருஷமும் அவரையே போடுங்க'ன்னு அழுதுட்டுப் போறாங்க!"