சிவப்புத் தேர் ரயிலேறிய படலம்

வெல்க பிஸ்த்ரிட்சா நகரத்து டயர்க்கடை வேந்தன், தோளிரண்டும் மலையாக, வயிறது மூன்றாம் மலையாக வாய்க்கப்பெற்ற பெருந்தகை, செந்நிறத் தேர்க்கோமான் லோய்ஸே வெல்க. இருங்க, மூச்சு வாங்கிக்கிறேன், இன்னும் நிறைய பட்டம் இருக்கு அந்த மனுஷனுக்கு.

தேர்னா எப்பேர்ப்பட்ட தேர்ங்கிறீங்க. இத்தாலிக்காரன் செஞ்சது, ரெண்டே சீட்டு, கூரை நம்ம இடுப்புக்குக்கூட எட்டாது. ரோட்டுல முள்ளெலி படுத்திருந்தா மத்த வண்டியெல்லாம் நடுவுல விட்டுத் தாண்டிடும், இது சுத்திக்கிட்டுத்தான் போகணும். அதுக்குள்ள நம்ம வேந்தன் ஏறுறது இருக்கே, தபால்பெட்டிக்குள்ள தலையணையைத் திணிக்கிற மாதிரி. பதினோரு வருஷமா அந்த ஸ்டியரிங்கை வேற ஒரு கை தொட்டதில்ல. பொண்டாட்டி ஸால்கா கையும்தான். சுண்டைக்காய் உடம்பு அவளுக்கு, ஆனா பக்கத்து சீட்டோட சரி.

போருக்குக் காரணம் சொல்லணுமே. மலைக்கு அந்தப் பக்கம் தோல்மின்ல ஸால்காவோட தங்கச்சி பேத்திக்கு அன்னைக்கு ஞானஸ்நானம். பகல் பன்னெண்டு மணிக்கு. ஸால்காதான் ஞானத்தாய், அவ கையில ஏந்தாம பிள்ளைக்குப் பேரு வைக்க முடியாது. மலை ரோட்டுல சைக்கிள் பந்தயம், சாயங்காலம் வரைக்கும் அடைச்சாச்சு. மிச்சம் இருக்கிறது கார் ஏத்துற ரயில் ஒண்ணுதான். இந்தப் பத்தரை மணி ரயிலை விட்டா அடுத்தது ஒன்றரைக்கு. போதாததுக்கு, தோல்மின்ல இருக்கிற சகலை முந்தின நாளே போன்ல சிரிச்சிருக்காரு. "சகலை, உன் தவளை ரயில் ஏறாது. ஸால்காவை சாதாரணப் பெட்டியில அனுப்பிட்டு நீ வீட்டுல டயர் எண்ணிக்கிட்டு இரு."

அதுக்கு நம்ம கோமான் உரைத்த வஞ்சினம் என்னன்னா: "யாம் ஏறுவோம். எம் தேரும் ஏறும். ஏறாதொழியின் எம் மீசையை எடுப்போம்." சரி, இவ்வளவு செந்தமிழ்ல சொல்லல, ஆனா மீசையை எடுக்கிறேன்னு சொன்னது நிஜம்.

அன்று காலை, கதிரவன் பனிமுகட்டைப் பொன்முகடு ஆக்கிய பொழுதினிலே, சேனைகள் வரிசையாக அணிவகுத்து நின்றன. சேனைன்னா ஒம்போது கார், ஒரு பால்வண்டி. ரயிலோட கடைசியில ஒரு சரிவுப் பலகை போட்டிருப்பாங்க. அதுல ஏறி, திறந்த வேகனுக்கு மேல ஒண்ணு பின்னால ஒண்ணா போய் நிக்கணும், அவங்கவங்க காருக்குள்ளேயே உக்காந்து, மலையைக் குடைஞ்ச ரயில் குகையைத் தாண்டணும். சரிவு முடிஞ்சு வேகன் தளம் தொடங்குற இடத்துல ஒரு முகடு இருக்கும். அந்த முகடுதான் இந்தக் கதையோட இலங்கை.

யானைப்படை அகழியைக் கடந்தாற்போல மத்த கார்கள் ஏறிப் போயின. கொடிபோல் செம்மை ஒளிர, சிங்கம்போல் எஞ்சின் உறும, நாற்றிசையும் நடுங்க நம் கோமானின் தேரும் புறப்பட்டு, முன்சக்கரம் இரண்டும் முகட்டைத் தாண்டி, வெற்றி வெற்றி என்று எண்ணும் நேரத்திலே, தேரோட அடிவயிறு போய் முகட்டுல க்ரீச்னு உக்காந்துச்சு.



ரயில்வேக்காரர் ஸ்தானே குனிஞ்சு பாத்தாரு. "ஒரு விரற்கடைதான் இடிக்குது அண்ணே. பாரம் இறக்குனா ஸ்பிரிங் மேல வந்துடும். ரிவர்ஸ்ல இறங்குங்க."

தேர் இறங்கிற்று. முதல்ல ஸ்டெப்னி டயரை இறக்கினாரு. ஏத்தினாரு. க்ரீச். கர்ணன் கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்தானே, அப்படி டூல்பாக்ஸ், சகலைக்குன்னு கொண்டுவந்த ஒயின் பாட்டில் ஆறு, தேன் பாட்டில் எட்டு, தரைவிரிப்பு, கடைசியில தன் கோட்டு, ஷூ, கைக்கடிகாரம் வரைக்கும் கழட்டிப் பிளாட்பாரத்துல அடுக்கினாரு. ஏத்தினாரு. க்ரீச்.

பின்னால பால்வண்டிக்காரி மீலா தலையை நீட்டினா. "லோய்ஸே அண்ணே, பால் தயிராகுது. அடுத்து என்ன, பல்செட்டா?"

இப்ப எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்புச்சு. ஸால்கா பக்கம். மடியில வால்நட் கேக்கோட, ஞானத்தாய்க்குன்னு வாங்கின தொப்பியோட உக்காந்திருந்தா. ஆயிரம் டயர் கழட்டிய அந்த மாவீரனுக்கு, முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பாத்து "நீ கனம்"னு சொல்ற தைரியம் வரல. எந்த வீரனுக்குத்தான் வரும். ஸ்டியரிங்கைப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "ஸால்கா, காத்து நல்லா இருக்கு வெளிய. கால் நீட்டிட்டு வாயேன்."

அவ ஒரு பார்வை பாத்தா. கேக்கைத் தூக்கிக்கிட்டு இறங்கினா.

ஏத்தினாரு. க்ரீச்.

மணி பத்து இருபத்தெட்டு. ஸ்தானே கொடியை அக்குள்ல இடுக்கிக்கிட்டு வந்தாரு. "அண்ணே, இன்னும் ஒரு மூட்டை இறக்கலியே."

"எங்கய்யா இருக்கு? எல்லாத்தையும் இறக்கிட்டேன்."

"ஸ்டியரிங்குக்குப் பின்னால."

மீலா பால்வண்டிக்குள்ள சிரிச்ச சிரிப்புல கேன் எல்லாம் ஆடுச்சு. லோய்ஸே தன் வயித்தைப் பாத்தாரு, ஸால்காவைப் பாத்தாரு. "பாரு ஸால்கா, ஓட்டணும்னா... அந்த கியர் கொஞ்சம்..."

"எனக்குத் தெரியும். பதினோரு வருஷமா பக்கத்துலேருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். இந்தா, கேக்கைப் பிடி. சாய்க்காத."

இடிமுழக்கும் முகிலெனத் தேர் முழங்கியது. ஐம்பது கிலோ ஞானத்தாய் தொப்பியைச் சரிபண்ணிக்கிட்டு, சீட்டை முன்னால இழுத்து, ஒரே மிதி. முகடு தாண்டிற்று வயிறு. காத்துல இறகு போற மாதிரி போயி வேகன்ல நின்னுச்சு. சேனை ஆர்ப்பரித்தது. தேவர்கள் பூமாரி பொழியல, ஆனா மீலா ஹாரன் அடிச்சா.

வேந்தனும் ஏறிக்கலாம்னு ஓடினாரு. வேகன் ஓரத்து இரும்புக்கம்பி கார்க்கதவை ஒரு சாண்தான் திறக்கவிடும். அந்தச் சாணுக்குள்ள மூணு மலை எப்படி நுழையும்? ஸ்தானே அவரையும் டயரையும் ஒயினையும் தேனையும் சேர்த்து சாதாரணப் பெட்டியில ஏத்திவிட்டாரு.

அந்தப் பக்கம் மோஸ்ட் ஸ்டேஷன்ல சரிவுல இறக்கினதும் அவதான். மணி பதினொண்ணேகால். இருபது நிமிஷத்துல கோயில். மூட்டை முடிச்சையெல்லாம் அடைச்சுட்டு, லோய்ஸே மெதுவா வந்து, ஸ்டியரிங் இருக்கிற இடது பக்கக் கதவுகிட்ட நின்னு, மீசையைத் தடவினாரு. அவ கண்ணாடியை இறக்கினா.

"சகலைகிட்ட யாரு ஓட்டினதுன்னு சொல்லப்போறியா?"

"நீ எங்க உக்காருறேங்கிறதைப் பொறுத்து."

லோய்ஸே சுத்திப் போயி, வலது பக்கக் கதவைத் திறந்து, கேக்கை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தாரு.