நேர்முகத் தேர்வுக்கு வந்த முயல்கள்

எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் தனியாகப் போனதில்லை. ஒருவருக்குப் பல் பிடுங்க வேண்டுமென்றால் மூன்று பேர் கூடப் போவார்கள். (ஒருவர் தைரியம் சொல்ல, ஒருவர் டாக்டரை முறைக்க, ஒருவர் சும்மா.) அதனால் எழுபதுகளின் தொடக்கத்தில், சென்னையில் ஓர் அரசு ஆராய்ச்சி நிறுவனம் முனைவர் பட்டத்துக்கான நேர்முகத் தேர்வுக்கு என்னை அழைத்தபோது, காஞ்சிபுரத்தில் நாங்கள் குடும்பமாகப் பஸ் ஏறியது எனக்கு விபரீதமாகவே தெரியவில்லை.

அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்தார். அவருடைய அக்காவான என் அத்தை, யாரும் கூப்பிடாமலே வந்தாள். அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: இடம் கிடைத்தால் மேலே படிக்கலாம், கிடைக்காவிட்டால் ஆவணியில் ஐயம்பேட்டை மாப்பிள்ளையோடு கல்யாணம். (மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்கு ஆய்வுக்கூடம்தான் வேண்டியிருந்தது.)

அத்தைக்கு நேர்முகமும் பெண் பார்ப்பதும் ஒன்றாகவே பட்டிருக்க வேண்டும். அரக்கு நிறப் பட்டுப்புடவை, தலை கொள்ளாத மல்லிகை, நெற்றி நிறையக் குங்குமம் என்று என்னை ஜோடித்துவிட்டாள். அவள் கையில் இருந்த வயர் கூடை முழுக்கக் கோயில் இட்லி.

அந்த வளாகத்துக்குள் இயற்பியல், வேதியியல், உயிரியல், பொறியியல் எல்லாம் அடுத்தடுத்த கதவுகளாக இருந்தன. துறைகளுக்கு இடையே சுவர் இருக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. அத்தை அதை அன்றே நிறைவேற்றி வைத்தாள்.

அவளையும் அப்பாவையும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் துறைக்கு ஒருவராகப் பேராசிரியர்கள். நடுவில் தடித்த கண்ணாடியோடு இயக்குநர்.

"உங்க பேர் என்னம்மா?" என்றார் அவர்.

இது எந்தத் துறைக் கேள்வி என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்து இயற்பியல்காரர் ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் வாய் திறக்கவில்லை. பொறியியல்காரர் கேட்டார். புடவை சரசரத்தது, அது ஒன்றுதான் பதில். ஆவணி மாதம் கண்ணெதிரே வந்து நின்றது.

இதற்குள் வெளியே, தண்ணீர் தேடிப் போன அத்தை ஓர் அறைக்குள் எட்டிப்பார்த்திருக்கிறாள். கூண்டுகளில் வெள்ளை வெளேரென்று முயல்கள். பசியில் இருக்கின்றன என்று அவளே முடிவுசெய்து, இட்லியைப் பிட்டுப்போட இரண்டு கூண்டுகளைத் திறந்திருக்கிறாள். மூடத்தான் மறந்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், பாதி திறந்திருந்த கதவு வழியே ஒரு முயல் உள்ளே வந்ததுதான். பின்னாலேயே இன்னொன்று. அதன் பின்னால் அத்தை.

"யப்பா, கண்ணாடிக்காரரே, அத்த புடிபா! உன் காலாண்டதான் ஓடிக்கினு இருக்குது!"

இயக்குநர் மேசைக்கடியில் குனிந்தார். அவர்களில் ஒருவரான உயிரியல் பேராசிரியை, "ஐயோ, அது கன்ட்ரோல் குரூப்!" என்று அலறினார். சோதனையில் மருந்தே கொடுக்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தனியே வைத்திருக்கும் முயல்கள் அவை. அத்தை அதைப் பெயர் என்று நினைத்துக்கொண்டாள்.

"வா கன்ட்ரோலு, வா கண்ணு, இட்லி தரேன் வா!"

அதுவரை ஊமையாக இருந்த நான் கத்தினேன்: "அத்தை, மொதல்ல கதவ சாத்து! சார், நீங்க எழுந்துக்காதீங்க, அது பயந்துடும். மேடம், அந்த மூலையில நில்லுங்க!" பேராசிரியர்கள் அத்தனை பேரும் சொன்ன இடத்தில் நின்றார்கள். நான் தரையில் படுத்து, முந்தானையை விரித்து, இரண்டையும் அமுக்கிப் பிடித்தேன். மல்லிகைப்பூ முழுவதும் தரையில்.

இயக்குநர் எழுந்து கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க யாரும்மா?"

"பொண்ணோட அத்தை சார்." அத்தை மூச்சு வாங்கினாள். வந்த காரியம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "பொண்ண புடிச்சிருக்குதா?"

எனக்குத் தரை பிளந்தால் தேவலாம் போல இருந்தது. முதலில் சிரித்தவர் இயற்பியல்காரர். பிறகு மொத்த அறையும். பேராசிரியை மட்டும் சிரிக்காமல் முயலின் காதிலிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு இட்லி சாப்பிட்டுது?" என்று கவலையோடு கேட்டார்.

"எங்கமா சாப்டுச்சு? மோந்து பாத்துட்டு ஓடிட்ச்சு," என்றாள் அத்தை, கொஞ்சம் வருத்தமாக.

அதன்பிறகுதான் பேராசிரியைக்கும் சிரிப்பு வந்தது. என்னை உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "இப்பதான் குரல் வந்துடுச்சே. முதல்லேருந்து ஆரம்பிப்போமா?" என்றார். அவர்கள் என்னை அப்படியே அனுப்பியிருக்கலாம். அதற்கு அன்று காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இயக்குநர் மறுபடியும் நிதானமாக என் பெயரைக் கேட்டார். சொன்னேன். பிறகு கேட்டதற்கெல்லாம் சொன்னேன்.

இடம் கிடைத்தது. அந்தப் பேராசிரியையிடமே ஆய்வு செய்து பட்டம் வாங்கினேன். நான் அங்கே சேர்ந்த நாளில் முயல் அறைக் கதவில் புதுப் பூட்டும், 'உறவினர்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையும் இருந்தன. இன்றைக்கும் அந்த அறையில் இருந்தவர்களை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

ஊரில் அத்தை சொன்ன கதை வேறு. "நீ எப்படிமா டாக்டரான?" என்று யார் என்னைக் கேட்டாலும் அவள் முந்திக்கொள்வாள்: "அது பேசாம குந்திக்கினு இருந்துச்சு. நான்தான் உள்ள பூந்து பெரியவரண்ட சொல்லி வாங்கிக் குட்த்தேன்." எங்கள் குடும்பத்தில் இப்போதும் யார் வேலைக்கு நேர்முகம் போனாலும், "அத்தையை உள்ளே அனுப்பட்டுமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அத்தை சொன்னதை நான் ஒருமுறைகூட மறுத்ததில்லை. யோசித்துப் பார்த்தால், மறுப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.